அவரையப் பயிர்ச்செய்கையில் சேதனப் பசளையையும் இரசாயனப் பசளையையும் இணைத்துப் பயன்படுத்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – விவசாயப் பாட மாணவர்களுக்கானது

1. அறிமுகம்

பயறு, உழுந்து, கௌபி போன்ற அவரையப் பயிர்களுக்குப் பசளையிடல் பற்றி வினவப்படும்போது மாணவர்களின் விடைகளில் இரண்டு தவறுகள் அடிக்கடி காணப்படுகின்றன.

"அவரையப் பயிர்கள் வளிமண்டல நைதரசனைப் பதிக்கின்றன. ஆகவே அவற்றிற்குப் பசளை தேவையில்லை" எனச் சிலர் எழுதுவர். "யூரியா இட்டால் பயிர் செழித்து வளரும். ஆகவே யூரியாவைக் கூடுதலாக இட வேண்டும்" என வேறு சிலர் எழுதுவர். முதலாவது கூற்று அரைவாசி மட்டுமே சரியானது. இரண்டாவது கூற்றின்படி நடந்தால் செடி செழிக்கும், ஆனால் காய் குறையும்.

சரியான விடையைப் பின்வருமாறு சுருக்கமாக மனத்திற் கொள்ளலாம்.

சேதனப் பசளை மண்ணை வளப்படுத்தும். இரசாயனப் பசளை பயிரின் உடனடித் தேவையை நிறைவு செய்யும். வேரிலுள்ள பற்றீரியா இவ்விரண்டினதும் உதவியுடன் நைதரசனைத் தேடிக் கொடுக்கும்.

இம்மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணைசெய்கின்றன என்பதை விளங்கிக்கொண்டால், இப்பகுதியில் எவ்வாறு வினா அமைந்தாலும் உங்களால் விடை எழுத முடியும்.

2. எமது நாட்டில் அவரையப் பயிர்ச்செய்கை

இலங்கையில் பயறு, உழுந்து, கௌபி ஆகியன பெரும்பாலும் உலர் வலயத்திலேயே செய்கைபண்ணப்படுகின்றன. அநுராதபுரம், வவுனியா, அம்பாறை, மொனராகலை, கிளிநொச்சி, முல்லைத்தீவு முதலிய மாவட்டங்கள் இதற்கு உதாரணங்களாகும். பெரும்போகத்தில் மேட்டு நிலங்களில் மழையை நம்பியும், நெல் அறுவடை முடிந்த பின்னர் வயல்களில் எஞ்சியுள்ள ஈரத்தைப் பயன்படுத்தியும் இவை பயிரிடப்படுகின்றன. நாம் நாளாந்தம் உண்ணும் மைசூர்ப் பருப்பு வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்யப்படுவதாகும். எனவே உள்ளூர் அவரையப் பயிர்களின் விளைச்சலைக் கூட்டுவது, குறைந்த செலவில் புரதம் பெறுவதற்கும் அந்நியச் செலாவணியைச் சேமிப்பதற்கும் உதவும்.

பசளையிடலைத் தீர்மானிக்கும்போது இச்சூழலின் இரண்டு இயல்புகளைக் கவனிக்க வேண்டும்.

(அ) உலர் வலயத்தின் உயர் வெப்பநிலை காரணமாக மண்ணிலுள்ள சேதனப் பொருள்கள் விரைவாகப் பிரிந்தழிகின்றன. இதனால் அங்குள்ள மண்ணில் சேதனப் பொருளின் அளவு பொதுவாகக் குறைவாகும். ஒருமுறை இட்ட எரு பல ஆண்டுகளுக்குப் போதும் என எண்ண முடியாது.

(ஆ) பயறு ஒரு குறுங்காலப் பயிராகும். விதைத்து ஏறத்தாழ 30 – 35 நாட்களில் பூக்கத் தொடங்கி, இரண்டு மாதமளவில் அறுவடைக்கு வந்துவிடும். ஆகவே பிந்திக் கிடைக்கும் போசணையால் இப்பயிருக்குப் பயனில்லை.

முதலாவது இயல்பு சேதனப் பசளையின் அவசியத்தையும், இரண்டாவது இயல்பு விரைவாகக் கிடைக்கும் இரசாயனப் பசளையின் அவசியத்தையும் காட்டுகின்றன.

3. வேர்ச் சிறுகணுக்களும் நைதரசன் பதித்தலும்

வளிமண்டலத்தில் ஏறத்தாழ 78% நைதரசன் வாயு உள்ளது. எனினும் தாவரங்களால் அதனை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. அவரையத் தாவரங்களின் வேர்களில் தோன்றும் சிறுகணுக்களினுள் (வேர்முடிச்சுகளினுள்) வாழும் றைசோபியம் பற்றீரியா இந்நைதரசனை அமோனியாவாக மாற்றித் தாவரத்துக்குக் கொடுக்கின்றது. பதிலாகத் தாவரம் அப்பற்றீரியாவுக்கு வெல்லத்தையும் இருப்பிடத்தையும் வழங்குகின்றது. இது ஒன்றியவாழ்வுக்குச் சிறந்த உதாரணமாகும்.

இச்செயன்முறை இலவசமாக நடைபெறுவதன்று. அதற்குப் பின்வருவன தேவை.

• பெருமளவு சக்தி. ஒரு நைதரசன் மூலக்கூற்றைப் பதிப்பதற்குக் குறைந்தது 16 ஏ.ரி.பி. மூலக்கூறுகள் செலவாகின்றன. ஏ.ரி.பி.யின் ஓர் ஆக்கக்கூறு பொசுபரசு ஆகும். எனவே மண்ணில் பொசுபரசு குறைந்தால் நைதரசன் பதித்தலும் குறையும்.
• இரும்பு, மொலிப்டினம் ஆகிய மூலகங்கள். இவை நைதரசனைப் பதிக்கும் நொதியத்தின் கூறுகளாகும்.
• நல்ல காற்றோட்டமும் அளவான ஈரமும் உள்ள மண். நீர் தேங்கிய மண்ணிலும் இறுகிய மண்ணிலும் சிறுகணுக்கள் நன்கு தொழிற்படமாட்டா.
• மிகை அமிலத்தன்மையற்ற மண்.

செயன்முறை அவதானம்: பூக்கும் பருவத்திலுள்ள ஒரு பயற்றஞ் செடியை வேர் அறாமல் மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் சிறுகணுக்கள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரை நீரில் மெதுவாகக் கழுவி, ஒரு சிறுகணுவை நகத்தால் பிளந்து பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் அது நைதரசனைப் பதித்துக் கொண்டிருக்கிறது. அந்நிறத்துக்குக் காரணம் இலெக்கீமோகுளோபின் என்னும் நிறப்பொருளாகும். உட்புறம் வெள்ளையாகவோ பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அச்சிறுகணு தொழிற்படவில்லை எனக் கொள்ளலாம்.

பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றில் சிறுகணுக்களை உண்டாக்கும் பற்றீரியா இனங்கள் எமது மண்ணில் இயல்பாகவே காணப்படுகின்றன. சோயா அவரை வெளிநாட்டிலிருந்து வந்த பயிராகையால், அதற்குப் பொருத்தமான பற்றீரியாவை விதையுடன் கலந்து இடுவது பயன்தரும். அவ்வாறு கலந்த விதையை நிழலில் வைத்து, தாமதமின்றி ஈரமண்ணில் விதைக்க வேண்டும். அதனுடன் இரசாயனப் பசளையைக் கலக்கக் கூடாது. கலந்தால் பற்றீரியா இறந்துவிடும்.

4. ஒரு சிறு கணிப்பு: நைதரசன் எங்கிருந்து வருகிறது?

ஒரு ஹெக்டேயரிலிருந்து 1000 கி.கி. பயறு அறுவடை செய்யப்பட்டதாகக் கொள்வோம். பயற்றில் ஏறத்தாழ 24% புரதமும், புரதத்தில் ஏறத்தாழ 16% நைதரசனும் உண்டு.

1000 கி.கி. பயற்றிலுள்ள புரதம் = 1000 × 24/100 = 240 கி.கி.
அப்புரதத்திலுள்ள நைதரசன் = 240 × 16/100 = 38.4 கி.கி.

இந்நிலத்துக்கு அடிக்கட்டாக 35 கி.கி. யூரியாவும், மேற்கட்டாக 30 கி.கி. யூரியாவும் இடப்பட்டதாகக் கொள்வோம். யூரியாவில் 46% நைதரசன் உண்டு.

இடப்பட்ட நைதரசன் = 65 × 46/100 = 29.9 கி.கி.

இட்டது ஏறத்தாழ 30 கி.கி. தானியத்தில் மட்டும் வெளியே சென்றது 38 கி.கி.க்கும் அதிகம். இலை, தண்டு, வேர் ஆகியவற்றிலும் நைதரசன் உண்டு. அத்துடன் இட்ட யூரியா முழுவதையும் பயிர் உள்ளெடுப்பதில்லை. ஒரு பகுதி அமோனியாவாக வளியிலும், ஒரு பகுதி நைத்திரேற்றாக நீருடனும் இழக்கப்படும். அவ்வாறாயின் மீதி நைதரசனை வழங்கியவை சிறுகணுக்களும் மண்ணிலுள்ள சேதனப் பொருளுமே ஆகும்.

இக்கணிப்பிலிருந்து விளங்குவது யாதெனில், அவரையப் பயிரில் இரசாயன நைதரசன் ஓர் உதவியாளன் மட்டுமே. பிரதான வேலையைச் செய்வது சிறுகணு ஆகும். எனவே நாம் இடும் பசளை சிறுகணுவின் வேலையைத் தடுக்காமல், அதனை ஊக்குவிப்பதாக இருக்க வேண்டும்.

5. நைதரசன் சிறிதளவு ஏன் தேவை? மிகையானால் என்ன நிகழும்?

விதை முளைத்த நாற்று, முதலில் வித்திலைகளில் சேமிக்கப்பட்ட உணவைக் கொண்டு வளரும். அந்த உணவு விரைவில் தீர்ந்துவிடும். சிறுகணுக்கள் உருவாகி நைதரசனைப் பதிக்கத் தொடங்க ஏறத்தாழ 2 – 3 வாரங்கள் செல்லும். இவ்விடைக்காலத்தில் வளங்குறைந்த மண்ணில் நாற்று மஞ்சள் நிறமடைந்து பின்தங்கும். அதனைத் தவிர்ப்பதற்கே விதைக்கும்போது சிறிதளவு யூரியா இடப்படுகின்றது.

மாறாக, மண்ணில் நைத்திரேற்று மிகையாக இருந்தால் தாவரம் அதனையே எளிதாக உள்ளெடுத்துக்கொள்ளும். சிறுகணுக்களை உருவாக்கி, அவற்றிற்கு வெல்லம் கொடுக்க வேண்டிய தேவை குறைந்துவிடும். இதன் விளைவுகள் வருமாறு:

• சிறுகணுக்களின் எண்ணிக்கையும் தொழிற்பாடும் குறைதல்.
• பதிய வளர்ச்சி கூடி, பூத்தல் தாமதமாதல்.
• இலைகள் மிருதுவாகி, அழுக்கணவன் போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளின் தாக்கம் கூடுதல்.
• செடிகள் சாய்தல், காய்கள் குறைதல்.
• பசளைச் செலவு வீணாதல்.

6. சேதனப் பசளையின் பணியும் எல்லையும்

கூட்டெரு, மாட்டெரு, ஆட்டெரு, கோழி எரு, சீமைக்கிளுவை போன்ற பசுந்தாட் பசளைகள், பயிர் மீதிகள் ஆகியன அவரையப் பயிர்ச்செய்கையில் பயன்படும் சேதனப் பசளைகளாகும்.

நன்மைகள்:

• மண் துணிக்கைகளைத் திரளைகளாகப் பிணைத்து மண் கட்டமைப்பை மேம்படுத்தும். இதனால் வேருக்கும் சிறுகணுவுக்கும் காற்று கிடைக்கும்.
• நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றலைக் கூட்டும். மழையை நம்பிய செய்கையில் இது மிக முக்கியமாகும்.
• கற்றயன் மாற்றீட்டுக் கொள்ளளவை உயர்த்தும். இதனால் அமோனியம், பொற்றாசியம், கல்சியம், மகனீசியம் ஆகிய அயன்கள் நீருடன் கழுவிச் செல்லப்படாமல் தடுக்கப்படும்.
• மொலிப்டினம், இரும்பு, நாகம் போன்ற நுண்மூலகங்களை வழங்கும்.
• மண்ணுயிர்களுக்கு உணவாகி, மண்ணில் றைசோபியம் நிலைத்திருக்க உதவும்.

கவனிக்க: சேதனப் பசளை மண்ணின் கட்டமைப்பை மாற்றும், இழையமைப்பை மாற்றாது. மணல் மண் எவ்வளவு கூட்டெரு இட்டாலும் களிமண்ணாகாது. பரீட்சையில் இவ்விரு சொற்களையும் மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்க வேண்டாம்.

எல்லைகள்:

முதலாவது, போசணைச் செறிவு குறைவு. 100 கி.கி. யூரியாவில் 46 கி.கி. நைதரசன் உண்டு. 1% நைதரசன் கொண்ட கூட்டெருவிலிருந்து அதே அளவைப் பெறுவதற்கு 4600 கி.கி. தேவைப்படும். அதனைத் தயாரிக்கவும் ஏற்றிப் பறிக்கவும் பரப்பவும் உழைப்பும் செலவும் கூடும்.

இரண்டாவது, போசணை மெதுவாகவே வெளிவிடப்படும். இட்ட எருவிலுள்ள போசணையில் ஒரு பகுதி மட்டுமே அந்தப் போகப் பயிருக்குக் கிடைக்கும். மிகுதி பின்வரும் போகங்களுக்கு உதவும்.

மூன்றாவது, எல்லாச் சேதனப் பொருளும் உடனே பயன்தராது. வைக்கோலில் காபன் : நைதரசன் விகிதம் மிக உயர்வாகும். அதனை உக்கவிடாமல் மண்ணில் புதைத்து உடனே பயறு விதைத்தால், வைக்கோலைப் பிரிந்தழியச் செய்யும் நுண்ணங்கிகள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நாற்றுகள் மஞ்சளாகும். ஆகவே வைக்கோலைக் கூட்டெருவாக்கி இட வேண்டும், அல்லது மண்ணின் மேல் மூடுபடையாகப் பரப்ப வேண்டும். சீமைக்கிளுவை இலையில் இவ்விகிதம் தாழ்வாகையால் அது விரைவாக உக்கி நைதரசனைக் கொடுக்கும்.

7. இரசாயனப் பசளையின் பணியும் எல்லையும்

அவரையப் பயிர்களுக்குப் பொதுவாக மூன்று இரசாயனப் பசளைகள் இடப்படுகின்றன.

• யூரியா – நைதரசனை வழங்கும்.
• முச்சுப்பர் பொசுபேற்று (ரி.எஸ்.பி.) – பொசுபரசை வழங்கும்.
• மியூரியேற்றுப் பொட்டாசு (எம்.ஓ.பி.) – பொற்றாசியத்தை வழங்கும்.

இவற்றின் போசணைச் செறிவு உயர்வாகும். நீரில் கரைந்து விரைவாகப் பயிருக்குக் கிடைக்கும். தேவையான மூலகத்தைத் தேவையான அளவில், தேவையான நாளில் கொடுக்கலாம். பயிர் அதிகமாக வேண்டுவது பொசுபரசையா நைதரசனையா என்று பிரித்துக் கொடுக்கக்கூடிய வசதி இங்கு உண்டு. எருவில் அந்த வசதி இல்லை.

எனினும் இவை மண்ணின் கட்டமைப்பை மேம்படுத்தமாட்டா. சேதனப் பொருள் குறைந்த மண்ணில் இட்ட பசளையில் பெரும்பகுதி தங்காது. அமோனியம் தரும் பசளைகளைத் தொடர்ந்து கூடுதலாக இட்டுவந்தால் மண் அமிலத்தன்மை அடையும். விலையும் உயர்வாகும்.

எப்பாவலை பற்றி: அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் கிடைக்கும் பாறைப் பொசுபேற்று ஒரு பொசுபரசு மூலமாகும். ஆயினும் அது நீரில் மிக மெதுவாகவே கரையும். அமில மண்ணில் வளரும் தேயிலை, இறப்பர், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு அது பொருத்தமானது. இரண்டு மாதத்தில் அறுவடையாகும் பயற்றுக்கு எளிதில் கரையும் முச்சுப்பர் பொசுபேற்றே பொருத்தமானது. "உள்ளூரில் கிடைப்பதை ஏன் பயற்றுக்கு இடுவதில்லை?" என்ற வினாவுக்கு இதுவே விடையாகும்.

8. இரண்டையும் இணைப்பதால் ஏற்படும் மேலதிக நன்மை

இரண்டையும் சேர்த்து இடுவது வெறும் கூட்டல் அன்று. ஒன்று மற்றொன்றின் பயனைக் கூட்டுகின்றது.

(அ) பொசுபரசு கிடைத்தல்: அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கல்சியமும் பொசுபரசுடன் சேர்ந்து அதனைக் கரையாத நிலைக்கு மாற்றிவிடும். சேதனப் பொருள் உக்கும்போது தோன்றும் சேதன அமிலங்கள் இதனை ஓரளவு தடுக்கும். எனவே கூட்டெரு உள்ள மண்ணில் அதே அளவு முச்சுப்பர் பொசுபேற்றிலிருந்து பயிருக்குக் கூடுதலான பொசுபரசு கிடைக்கும். பொசுபரசு கூடினால் வேரும் சிறுகணுவும் பெருகும். சிறுகணு பெருகினால் நைதரசன் பதித்தல் கூடும்.

(ஆ) இழப்புக் குறைதல்: சேதனப் பொருள், அமோனியத்தையும் பொற்றாசியத்தையும் பிடித்து வைத்திருக்கும். கிழக்குக் கரையோர மணல் மண்ணில் இது பெரிதும் உதவும்.

(இ) காலப் பொருத்தம்: முதல் மூன்று வாரத் தேவையை இரசாயனப் பசளை நிறைவு செய்யும். அதன் பின்னர் சிறுகணுவும், மெதுவாகப் போசணையை வெளிவிடும் எருவும் பொறுப்பேற்கும்.

(ஈ) செலவு குறைதல்: எரு தொடர்ந்து இடப்படும் நிலத்தில், மண் பரிசோதனையின் அடிப்படையில் இரசாயனப் பசளையின் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம்.

இவ்வாறு கிடைக்கும் எல்லாப் போசணை மூலங்களையும் பொருத்தமாகச் சேர்த்துப் பயன்படுத்துதல் ஒன்றிணைந்த தாவரப் போசணை முகாமைத்துவம் எனப்படும்.

9. நடைமுறையில் பசளையிடும் முறை

உங்கள் பாடசாலைத் தோட்டத்தில் 20 மீ. நீளமும் 10 மீ. அகலமும் கொண்ட பாத்தியில் பயறு பயிரிடுவதாகக் கொள்வோம். ஒரு ஹெக்டேயருக்கு இட வேண்டிய அளவுகள் வருமாறு தரப்பட்டுள்ளன எனக் கொள்க.

கூட்டெரு 5000 கி.கி., அடிக்கட்டாக யூரியா 35 கி.கி., முச்சுப்பர் பொசுபேற்று 100 கி.கி., மியூரியேற்றுப் பொட்டாசு 75 கி.கி., மேற்கட்டாக யூரியா 30 கி.கி.

பாத்தியின் பரப்பு = 20 × 10 = 200 சதுர மீற்றர்
ஒரு ஹெக்டேயர் = 10 000 சதுர மீற்றர்
ஆகவே பாத்தி, ஹெக்டேயரின் 200/10 000 = 1/50 பங்காகும்.

கூட்டெரு = 5000 ÷ 50 = 100 கி.கி.
அடிக்கட்டு யூரியா = 35 ÷ 50 = 0.7 கி.கி. (700 கிராம்)
முச்சுப்பர் பொசுபேற்று = 100 ÷ 50 = 2 கி.கி.
மியூரியேற்றுப் பொட்டாசு = 75 ÷ 50 = 1.5 கி.கி.
மேற்கட்டு யூரியா = 30 ÷ 50 = 0.6 கி.கி. (600 கிராம்)

படிமுறைகள்:

படி 1: நிலத்தைப் பண்படுத்தும்போது, விதைப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன் நன்கு உக்கிய கூட்டெருவைப் பரப்பி மண்ணுடன் கலக்க வேண்டும்.

படி 2: விதைப்பதற்குச் சற்று முன்னர் அடிக்கட்டுப் பசளையை இட்டு மண்ணுடன் கலக்க வேண்டும். பசளை விதையில் நேரடியாகப் படக் கூடாது. பட்டால் முளைத்தல் பாதிக்கப்படும். பொசுபரசு மண்ணில் அசைவது மிகக் குறைவு. எனவே வேர் வளரும் ஆழத்தில் இருக்கும்படி முழு அளவையும் அடிக்கட்டாகவே இட வேண்டும்.

படி 3: முதல் மூன்று வாரங்களில் களைகளை அகற்ற வேண்டும். களையுள்ள பாத்தியில் இடும் பசளை களைக்கே உணவாகும்.

படி 4: பூக்கத் தொடங்கும்போது மேற்கட்டு யூரியாவை வரிசைகளுக்கு இடையே இட்டு மண்ணால் மூட வேண்டும். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். உலர்ந்த மண்ணின் மேல் தூவிவிட்டால் அமோனியாவாக இழக்கப்படும். கடும் மழை வரும்போல் இருந்தால் ஒத்திவைக்க வேண்டும்.

படி 5: காய்களைப் பறித்த பின் செடிகளை எரிக்காது மண்ணில் கலக்க வேண்டும்.

படி 5 பலராலும் கைவிடப்படுகின்றது. "அவரையம் மண்ணை வளமாக்கும்" என்று எல்லோரும் எழுதுகிறோம். ஆனால் நைதரசனின் பெரும்பகுதி தானியத்துடன் சென்றுவிடும். செடியையும் வேருடன் பிடுங்கி வெளியே எடுத்துவிட்டால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பமே. இலை, தண்டு, வேர் ஆகியன மண்ணுக்குத் திரும்பினால்தான் அடுத்து வரும் நெற்பயிர் பயன்பெறும்.

பரீட்சையில் தரப்படும் அளவுகளையே கணிப்பில் பயன்படுத்துக. உண்மையான செய்கையில் மண் பரிசோதனை முடிவையும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையையும் பின்பற்ற வேண்டும்.

10. "சேதனப் பசளை பாதுகாப்பானது" என்பதன் எல்லை

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் குடிப்பதற்கும் பயிருக்கும் நிலத்தடி நீரையே நம்பியுள்ளனர். அந்நீர் பிளவுகள் நிறைந்த சுண்ணாம்புக்கற் படைகளில் உள்ளது. மேலிருந்து கழுவிச் செல்லப்படும் நைத்திரேற்று அவற்றினூடாக எளிதில் கிணற்றைச் சென்றடையும். ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையாகும். குடாநாட்டின் பல கிணறுகளில் இவ்வெல்லை மீறப்பட்டுள்ளமை ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. நைத்திரேற்று மிகுந்த நீர், கைக்குழந்தைகளின் குருதியில் ஒட்சிசன் காவப்படுவதைப் பாதிக்கும்.

இந்த நைத்திரேற்று யூரியாவிலிருந்து மட்டும் வருவதில்லை. அளவுக்கு மிஞ்சி இடப்பட்ட எருவிலிருந்தும், மலசலகூடக் குழிகளிலிருந்தும் வரும். நைத்திரேற்று எந்தப் பசளையிலிருந்து வந்தாலும் கிணற்றுக்கு வேறுபாடு இல்லை. ஆகவே "சேதனப் பசளையை எவ்வளவும் இடலாம்" என எழுதுவது தவறாகும். உக்காத எருவில் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் இருக்கலாம் என்பதையும் குறிப்பிடுக.

11. 2021ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. எனினும் 2021/2022 பெரும்போகத்தில் உரிய காலத்தில் பசளை கிடைக்காமையால் நெல் விளைச்சல் பெருமளவில் குறைந்தது. விவசாயக் குடும்பத்து மாணவர்கள் பலருக்கு அந்தப் போகம் இன்றும் நினைவிருக்கும்.

இதிலிருந்து "சேதனப் பசளை பயனற்றது" என முடிவு செய்யக் கூடாது. ஒரு மூலத்திலிருந்து மற்றொன்றுக்கு ஒரே போகத்தில் மாற முடியாது என்பதே பாடமாகும். சேதனப் பொருள் குறைந்த மண்ணை ஆண்டுக்கணக்கில் கட்டியெழுப்ப வேண்டும். தேவையான அளவு எருவை முற்கூட்டியே தயாரிக்க வேண்டும். நெல், சோளம் போன்ற பயிர்கள் நைதரசனுக்கு முழுவதுமாக மண்ணையும் பசளையையும் நம்பியவை. அவரையப் பயிர் தன் நைதரசனில் ஒரு பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். எனவே பசளைத் தட்டுப்பாட்டை அதனால் ஓரளவு தாங்க முடியும். ஆனால் பொசுபரசை எந்தச் சிறுகணுவாலும் வளியிலிருந்து பெற முடியாது. நல்ல எருவும், ஓரளவு பொசுபரசும், தொழிற்படும் சிறுகணுவும் உள்ள நிலமே நெருக்கடியைத் தாங்கும் நிலமாகும்.

12. பயிற்சி வினாக்கள்

1. பயற்றுக்குப் பொசுபரசுப் பசளை முழுவதையும் அடிக்கட்டாக இடுவதற்கான பிரதான காரணம்
(1) அது விரைவில் ஆவியாவதாகும்.
(2) அது மண்ணில் மிகக் குறைவாக அசைவதாகும்.
(3) அது இலைகளை எரிப்பதாகும்.
(4) அது பூத்தலைத் தடுப்பதாகும்.

2. பிளந்து பார்த்தபோது உட்புறம் இளஞ்சிவப்பாகக் காணப்பட்ட வேர்ச் சிறுகணு
(1) நோயுற்றது. (2) முதிர்ந்து இறந்தது. (3) நைதரசனைப் பதிப்பது. (4) பொசுபரசைச் சேமிப்பது.

3. உக்காத வைக்கோலை மண்ணில் புதைத்து உடனே விதைத்த பயற்று நாற்றுகள் மஞ்சளாகியமைக்குக் காரணம் தருக.

4. "அவரையப் பயிர்களுக்கு நைதரசன் பசளை இடவே தேவையில்லை." இக்கூற்றை மதிப்பிடுக.

5. 25 மீ. × 8 மீ. அளவுள்ள பாத்திக்கு, ஹெக்டேயருக்கு 100 கி.கி. வீதம் முச்சுப்பர் பொசுபேற்று எவ்வளவு தேவை?

விடைகள்:

1. (2)

2. (3)

3. வைக்கோலின் காபன் : நைதரசன் விகிதம் உயர்வாகும். அதனைப் பிரிந்தழியச் செய்யும் நுண்ணங்கிகள் மண்ணிலுள்ள நைதரசனை உள்ளெடுப்பதால் நாற்றுக்குத் தற்காலிக நைதரசன் குறைபாடு ஏற்படும்.

4. கூற்று முழுமையாகச் சரியன்று. சிறுகணுக்கள் தொழிற்படத் தொடங்க 2 – 3 வாரங்கள் செல்லும். அதுவரை வளங்குறைந்த மண்ணில் நாற்றுக்குச் சிறிதளவு நைதரசன் தேவை. ஆனால் மிகையாக இட்டால் சிறுகணு உருவாதல் குறைந்து, பதிய வளர்ச்சி கூடி, விளைச்சல் குறையும்.

5. பரப்பு = 25 × 8 = 200 சதுர மீற்றர். தேவையான அளவு = 100 × 200/10 000 = 2 கி.கி.

நினைவிற் கொள்க: "எந்தப் பசளை சிறந்தது?" என்று கேட்கப்பட்டால் ஒன்றை மட்டும் தெரிவுசெய்து எழுத வேண்டாம். எந்த மண்ணுக்கு, எந்தப் பயிருக்கு, எந்தப் பருவத்தில், எவ்வளவு என்பதைக் கூறி விடையளிக்க வேண்டும். முழுப் புள்ளிகளையும் பெற்றுத் தரும் விடை அதுவாகும். தோட்டத்திலும் அதுவே நல்ல விளைச்சலைத் தரும்.